ஐம்பது ஆண்டுச் சட்டமும் ஒரு கட்டு பீடியும்

1975ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிகரெட் புகைப்பது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்றது அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்தது. அப்போது எங்கள் முக்கூடலில் சிகரெட் பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் பீடிதான் பிடித்தார்கள். அந்தச் சட்டம் பீடியைத் தொடவே இல்லை.

இந்த நாட்டில் புகையிலையைக் கட்டுப்படுத்திய வரலாற்றை நான் அந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். ஒவ்வொரு முறை சட்டம் வரும்போதும் பீடிக்கு ஒரு சலுகை, ஒரு தவணை, ஒரு விதிவிலக்கு. கேட்டால், ஏழைப் பெண்களின் பிழைப்பு என்பார்கள். அந்த ஏழைப் பெண்களில் ஒருத்தி என் அம்மா. இன்னொருத்தி என் மனைவி.

தாமிரபரணிக் கரையிலிருக்கும் முக்கூடல், பாப்பாக்குடி, அந்தப் பக்கம் ஆலங்குளம், கடையம், பொட்டல்புதூர், தறிச் சத்தம் ஓய்ந்துபோன மேலப்பாளையம், கடையநல்லூர் எல்லாம் பீடியால் அடுப்பெரித்த ஊர்கள். இலை மத்தியப் பிரதேசத்திலும் ஒடிசாவிலும் உள்ள காடுகளிலிருந்து வரும். தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வரும். விரல்கள் மட்டும் எங்கள் ஊருடையவை. பீடிக்கடை என்று நாங்கள் சொல்லும் கம்பெனிக் கிளையில் இலையும் தூளும் நிறுத்து வாங்கி வருவார்கள். இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றி, முனையை மடக்கி, நூலால் கட்டுவார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள், பெண் நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவாள் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார்கள்.

இந்த வேலையைக் காப்பதற்கு 1966இலேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வேலை நேரம், விடுப்பு, பிரசவ காலச் சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. சட்டத்தின் பொறுப்பு தங்கள் தலையில் விழாதிருக்கப் பல முதலாளிகள் பட்டறைகளை மூடினார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலையை வீடுகளுக்குள் தள்ளினார்கள். மங்களூர் முதலாளிகள் சட்டமே செல்லாது என்று வழக்காடி, 1974இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் அதற்குள் வேலை திண்ணைக்கும் அடுக்களைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 1976இல் பீடிமீது ஒரு சிறு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர் நல நிதி அமைத்தார்கள். மருந்தகம், பிள்ளைகளுக்குப் படிப்புதவி, வீடு கட்ட மானியம் எல்லாம் அதிலிருந்து வந்தன. நான் மேல்வகுப்புப் படித்தது அந்த உதவித்தொகையில்தான். அதை நன்றியோடு சொல்கிறேன்.

என் அப்பா விவசாயக் கூலி. வரப்பில் நின்றாலும் வாய்க்காலில் நின்றாலும் காதில் ஒரு பீடி செருகியிருக்கும். கடையில் கழித்துப் போட்ட பீடிகள் போக, கட்டு கட்டாக வாங்கியும் பிடிப்பார். ஐம்பது வயதைத் தாண்டும்போது காசநோய் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையும் பீடியும் சேர்ந்தே நடந்தன. நோய்தான் கொண்டுபோயிற்று என்று ஊர் சொல்லியது. நாங்களும் அப்படியே நம்பினோம். 

2003இல் சென்னை மருத்துவர் வி. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து செய்த, அந்த நம்பிக்கையை அசைக்கும் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புகைக்கும் ஆண் காசநோயால் சாகும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதி, புகை இல்லாதிருந்தால் நேர்ந்திருக்காது. கிராமத்தில் அவர்கள் கண்ட புகை பெரும்பாலும் பீடிப் புகை. பீடியில் தூள் கொஞ்சம்தானே, சிகரெட் அளவு கெடுதல் இல்லை என்று அப்பா சொல்வார்; இன்றும் பலர் சொல்கிறார்கள். தூள் குறைவுதான். ஆனால் அந்த இலை எளிதில் கனன்று எரியாது. அணையாமலிருக்க ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இழுப்பதில் நிகோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல், பல சமயம் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்தவன். சட்டம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை வண்டிக்குள் நின்று பார்த்திருக்கிறேன். புகை பிடிக்காதீர் என்று டிரைவர் தலைக்கு மேல் எழுதித்தான் இருக்கும். அதற்குக் கீழேயே நாலு பேர் பிடிப்பார்கள். “அண்ணாச்சி, கைப்பிள்ளைக்காரி இருக்கா, பீடிய வெளிய போடுங்க” என்றால், “காத்து அந்தப் பக்கமால்லா அடிக்கி” என்பார்கள். வற்புறுத்தினால் சண்டை வரும். போர்டு இருந்தது, அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அடுத்தவர் விடும் புகையைக் கட்டாயமாகச் சுவாசிக்க வைப்பது வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த அமர்வின் தலைமை நம்மூர் தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், உடனிருந்தவர் நீதிபதி கே. நாராயண குருப். அப்போது நான் தென்காசியிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் வண்டியில் இருந்தேன். செங்கோட்டை வரை புகை வரும். புளியரை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பழக்கப்பட்ட பயணிகள் தாங்களாகவே அணைத்துவிடுவார்கள். எல்லைக்கு அப்பால் போலீஸ் நிஜமாகவே அபராதம் போடுகிறது என்ற பேச்சு அவர்கள் காதுக்கு வந்திருந்தது. திரும்பி வரும்போது எல்லை தாண்டியதும் தீப்பெட்டிச் சத்தம் கேட்கும். ஆள் அதே ஆள்தான், வண்டியும் அதே வண்டிதான். சட்டம் உயிரோடிருக்கிறது என்ற நம்பிக்கை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் புகை இல்லை.

பிறகு நாடு முழுவதும் அது வந்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பஸ், ரயில் ஆகியவற்றில் புகைக்கத் தடை விதித்தது. 2002இல் தமிழ்நாடு தன் சட்டமன்றத்தில் புகைக்கவும் துப்பவும் தடை போடும் சட்டம் இயற்றியது. 2003இல் மத்திய அரசின் பெரிய சட்டம் வந்தது. சிகரெட்டோடு பீடி, சுருட்டு, மெல்லும் புகையிலை எல்லாம் முதன்முறையாக ஒரே சட்டத்துக்குள் வந்தன. விளம்பரம் போயிற்று. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு விற்பதும், பள்ளி கல்லூரிகளைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்பதும் குற்றமாயின. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 அன்று, பொது இடம் என்றால் எது எது என்று விரித்துச் சொல்லும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அபராதம் 200 ரூபாய் வரை.

அந்தப் பத்தாண்டுகளில் பஸ்ஸுக்குள் நடந்த மாற்றத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் ஓய்வு பெறும்போது வண்டிக்குள் பீடி பற்றவைக்கும் ஆளை மற்ற பயணிகளே விட மாட்டார்கள். நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. சினிமாக் கொட்டகையில் புரொஜக்டர் வெளிச்சத்தில் மிதக்கும் புகை மறைந்தது. பெட்டிக்கடை ஓரத்தில் பீடி பற்றவைக்கத் தொங்கிக்கொண்டிருந்த நெருப்புக் கயிறு பல ஊர்களில் இல்லாமல் போயிற்று. 2012இலிருந்து படத்துக்கு முன்னும் இடைவேளைக்குப் பின்னும் வாய்ப்புற்றுநோய் பற்றிய எச்சரிக்கைப் படம் போட்டார்கள். என் பேரன் அதைப் பார்த்துவிட்டு வந்து எதிர்வீட்டுத் தாத்தாவின் கையிலிருந்த பீடியைப் பிடுங்கி எறிந்தான்.

இவ்வளவு நடந்தும் பீடி ஒவ்வொரு கட்டத்திலும் நழுவியது. எச்சரிக்கைப் படத்தின் கதை அதற்குச் சாட்சி. 2006இல் அறிவித்த விதிகளில் மண்டையோட்டுக் குறியும் பார்ப்பவரை உலுக்கும் படங்களும் இருந்தன. பீடி முதலாளிகள் எதிர்த்தார்கள். பீடித் தொழிலாளர் நிறைந்த தொகுதிகளின் அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள். தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. மண்டையோடு கட்டாயமில்லை என்று 2007இல் சட்டத்தையே திருத்தினார்கள். கடைசியில் 2009 மே 31 அன்று படம் வந்தபோது, மெல்லும் புகையிலைக்கு ஒரு தேளும், புகைக்கு ஒரு நுரையீரல் எக்ஸ்ரேயும் இருந்தன. தேள் எதைக் காட்டுகிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. 2015இல் படத்தைப் பெரிதாக்கும் முடிவை நாடாளுமன்றக் குழு ஒன்று நிறுத்தி வைக்கச் சொன்னது. அந்தக் குழுவில் ஒருவர் பீடித் தொழில் நடத்தும் உறுப்பினர். ஓராண்டு தாமதத்துக்குப் பின், 2016 ஏப்ரலிலிருந்துதான் பெட்டியின் இருபுறமும் 85 சதவீத இடத்தில் படமும் வாசகமும் சேர்ந்த எச்சரிக்கை என்றானது. சிகரெட் பெட்டிக்கு அது பொருந்துகிறது. பீடிக் கட்டு கூம்பு வடிவம். அதைச் சுற்றிய மெல்லிய தாளில் படம் சுருங்கி மடங்கிப்போகிறது. அதைவிட முக்கியம், கடைக்காரர் கட்டைப் பிரித்துச் சில்லறையாக விற்கும்போது வாங்குகிறவர் கண்ணில் எந்தப் படமும் படுவதில்லை.

இவையெல்லாம் புகைப்பவர் எண்ணிக்கையைக் குறைத்தனவா? குறைத்தன. 2009-10இலும் 2016-17இலும் நாடு முழுக்க ஒரே முறையில் பெரியவர்களிடம் கணக்கெடுப்பு நடந்தது. ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆனார்கள். புகைப்போர் 14.0இலிருந்து 10.7 ஆனார்கள். 15 முதல் 24 வயதுக்காரர்களில் புகையிலை தொட்டவர்கள் 18.4 சதவீதத்திலிருந்து 12.4 ஆனார்கள். வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிக்க நேர்ந்தவர்கள் 52.3இலிருந்து 38.7க்கு இறங்கினார்கள். ஏழே ஆண்டில் இவ்வளவு என்பது சிறிய காரியமில்லை. சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று டீக்கடை பெஞ்சில் பேசுகிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே கணக்கைப் பிரித்துப் பாருங்கள். சிகரெட் பிடிப்போர் 5.7 சதவீதத்திலிருந்து 4.0 ஆனார்கள், அதாவது பத்துப் பேரில் மூவர் குறைந்தார்கள். பீடி பிடிப்போர் 9.2இலிருந்து 7.7 மட்டுமே ஆனார்கள். ஆறு பேரில் ஒருவர்தான் குறைந்தார். மாநிலங்களைப் பாருங்கள். கேரளத்தில் புகையிலைப் பயன்பாடு 21.4 சதவீதத்திலிருந்து 12.7க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20.0க்கு ஏறியது. மெல்லும் புகையிலையும் சேர்ந்த கணக்கு இது. பழியை எல்லாம் பீடி மேல் போட முடியாது. இருந்தாலும் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நான் கண்ட வித்தியாசத்தை இந்த எண்களில் மறுபடியும் காண்கிறேன். நாடு முழுவதற்கும் சட்டம் ஒன்றுதான். அதை நடத்துவதில் காட்டிய அக்கறை ஒன்றல்ல.

புகைப்பதைக் குறைப்பதில் போர்டு, படம், அபராதம் எல்லாவற்றையும்விட வலுவானது விலை என்று உலகம் முழுவதும் நிரூபித்திருக்கிறார்கள். கையில் காசு குறைந்தவரும் புதிதாகப் பழகும் பிள்ளையும்தான் விலை ஏறினால் முதலில் விடுவார்கள். அந்த ஆயுதத்தைத்தான் பீடிமேல் நாம் எடுக்கவே இல்லை. 2016-17 கணக்கெடுப்பில் சிகரெட் பிடிப்பவர் மாதம் செலவிட்டது சராசரி 1,192 ரூபாய். பீடி பிடிப்பவர் 284 ரூபாய். கலால் வரிக் காலத்தில், ஆண்டுக்கு 20 லட்சம் பீடி வரை கையால் செய்யும் நிறுவனத்துக்கு வரியே இல்லை. பெரிய கம்பெனியும் சின்னச் சின்னப் பெயர்களில் பிரிந்து நின்று தப்பிக்க அது வழிவிட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீதத்துக்கு மேல் கூடுதல் தீர்வையும் போட்டார்கள். பீடிக்கு 28 மட்டும். விலையில் கணக்கிட்டால் 22 சதவீதத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 75 சதவீதம். அதுவும் போதாதென்று 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 என்று உயர்த்தும்போதே, பீடிக்கு 18 என்றும் பீடி இலைக்கு 5 என்றும் குறைக்க முடிவெடுத்தது. விலையில் பார்த்தால் வரி 15 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இவ்வளவு சலுகையும் சுற்றுகிறவளுக்குப் போய்ச் சேர்ந்ததா? என் மனைவியின் பாஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: இல்லை. முன்பு வாரத்தில் ஆறு நாள் இலை கிடைத்தது. பிறகு நாலு நாள், மூன்று நாள் என்று ஆனது. அவள் கணக்கு வைத்திருந்த கிளையில் ஆயிரம் பீடிக்குப் போதாத இலையைக் கொடுத்துவிட்டு ஆயிரம் கேட்பார்கள். குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். கழிவு என்று தள்ளுவதற்குக் கூலி கிடையாது. குனிந்தே இருந்து முதுகு போயிற்று. தூள் நெடியில் இருமல் நின்றபாடில்லை. சுற்றுகிறவள் புகைப்பதில்லை, ஆனால் தூள் அவள் நெஞ்சுக்குள்ளும் போகிறது. இதற்கு மேல், ஜிஎஸ்டிக்காகப் பழைய தீர்வைகளை எடுத்தபோது, 1976இலிருந்து நல நிதிக்குப் பணம் தந்த பீடித் தீர்வையும் போய்விட்டது. தொழிலாளர் அமைச்சகத்தின் கணக்கில் ஏறத்தாழ 50 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கென்று தனியாக ஒதுங்கி நின்ற ஒரே வருமானம் அது. முதலாளிக்கு வரி குறைந்தது, புகைப்பவருக்குப் பீடி மலிந்தது, சுற்றியவளுக்கென்று வந்த தீர்வை நின்றது.

வேறு வழி இல்லையா என்று கேட்பவர்களுக்குக் கேரளத்துக் கண்ணூர் பதில் சொல்லும். 1966 சட்டத்தை அமல்படுத்தக் கேரள அரசு உறுதியாக நின்றபோது, மங்களூர் முதலாளிகள் அங்கே பட்டறைகளை மூடி ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவில் விட்டார்கள். தொழிலாளர்கள் 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். வேலை நேரத்தில் ஒருவர் பத்திரிகையும் புத்தகமும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றும் வழக்கமுள்ள பட்டறைகள் அவை. 1980களில் 42,000 பேர் வரை அதில் உறுப்பினர்கள். பீடி விற்பனை சரியும் என்று தெரிந்ததும் அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. வரிச்சலுகை கேட்டு டெல்லிக்குப் போவதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. 1990களின் கடைசியில் உணவுப் பொருள் உற்பத்தியில் இறங்கினார்கள். தேங்காய்ப்பால், மசாலாப் பொடி, ஊறுகாய், பிறகு குடை, ஆயத்த ஆடை. சங்கத் தோழர்களோடு அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். பீடி சுற்றிய பெண்கள் குடைத் துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் அது காப்பாற்றிவிடவில்லை. உறுப்பினர் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. ஆனாலும் பீடி குறைந்தால் பட்டினி என்ற பயமுறுத்தலுக்கு அவர்கள் கைவேலையால் பதில் சொன்னார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களின் விரல்களுக்கு அந்தத் திறமை குறைந்ததல்ல. கூட்டிச் சேர்க்கவும் முதல் கொடுக்கவும் ஆளில்லை என்பதுதான் குறை.

ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்தபின் என் முடிவு இதுதான். சட்டம் வேலை செய்யும். சிகரெட்டிலும் பஸ்ஸிலும் கொட்டகையிலும் இளைஞர்களிடமும் செய்து காட்டியிருக்கிறது. பீடியில் செய்யாததற்குக் காரணம், அங்கே அதைச் செய்ய விடவில்லை. பீடி பிடிக்கிறவரும் சுற்றுகிறவளும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒருவரைக் கொன்று இன்னொருவரை வாழ வைப்பதாகச் சொல்லும் கொள்கை இருவரையும் வாழ வைக்கவில்லை.

ஆகவே பீடிக்கும் சிகரெட்டுக்கு நிகராக வரி போட வேண்டும். சில்லறையில் ஒற்றைப் பீடி விற்பதைத் தடுக்க வேண்டும். அந்த வரிப் பணத்தில் ஒரு பங்கு, பழைய தீர்வையைப் போலச் சட்டப்படியே, சுற்றுகிறவர்களின் ஓய்வூதியத்துக்கும் மாற்றுத் தொழிலுக்கும் போய்ச் சேர வேண்டும். வரியை மட்டும் ஏற்றிவிட்டு இவர்களை மறந்தால் அது கொடுமை. இவர்களைக் காட்டி வரியைக் குறைப்பது அதைவிடக் கொடுமை. எந்தத் தேர்தலிலாவது, பீடித் தொழிலைக் காப்போம் என்று யாராவது உங்கள் ஊர் மேடையில் ஏறினால், காக்கப்போவது சுற்றுகிறவளையா விற்கிறவரையா என்று எழுந்து நின்று கேளுங்கள்.